செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே இருப்பது வேறு உயிர்களா?

ஜூன் 8, காலை (ஒரு வாசகர் கேட்டது)

குற்றாலத்து மலையும் பாபநாசத்து மலையும் ஒரே மேற்குத் தொடர்ச்சி மலைதானே? நடுவில் செங்கோட்டைப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்து கிடக்கிறது, அவ்வளவுதான். இதற்கு வடக்கே ஒரு குருவி, தெற்கே ஒரு குருவி, இரண்டும் வேறு வேறு இனம் என்று ஆராய்ச்சிக்காரர்கள் எழுதுகிறார்கள். பறந்து போகிற குருவிக்குப் பத்து கிலோமீட்டர் ஒரு தூரமா? புதுப் பெயர் வைத்துப் பேர் வாங்குகிற வேலையாகத்தான் எனக்குப் படுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 8, இரவு

முதலில் ஊர்க்கணக்கைச் சரிசெய்துகொள்வோம். குற்றாலம் கணவாய்க்குத் தெற்கே இருக்கிறது. புளியரை வழியாக ஆரியங்காவுக்கு ரயிலும் ரோடும் போகிறதே, அந்தத் தாழ்வுதான் கணவாய். மேக்கரை, புளியங்குடி, சிவகிரி மலைகள் அதற்கு வடக்கே. குற்றாலம், பாபநாசம், மாஞ்சோலை, களக்காடு எல்லாம் தெற்கே, அகத்தியமலைக் கூட்டத்தில் சேரும். குற்றாலத்தையும் பாபநாசத்தையும் ஒப்பிட்டால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்காது, இரண்டும் ஒரே பக்கம்.

இனி குருவி. நீங்கள் படித்தது 2017-ல் பறவை ஆய்வாளர் வி.வி. ராபினும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வாக இருக்கும். உச்சிமலைச் சோலைகளில் மட்டும் வாழும் இரண்டு குருவிக் கூட்டங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒன்று சிரிப்பான், இன்னொன்று சோலைக்கிளி. மரபணு, குரல், உடல் அளவு, இறகு நிறம் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்து, இவை ஆசியாவின் மற்ற சிரிப்பான்களோடும் ஈப்பிடிப்பான்களோடும் ஒரே பேரினத்தில் (நெருங்கிய இனங்களைச் சேர்த்த தொகுதி) சேர்வன அல்ல, நம் மலையிலேயே கிளைத்துப் பெருகியவை என்று காட்டி, இரண்டு புதிய பேரினங்களை அமைத்தார்கள். அதில் கணவாய்க்குத் தெற்கே உள்ளவை தனி இனங்கள்: அசம்பு சிரிப்பான், அசம்பு சோலைக்கிளி (அசம்பு என்பது இந்தத் தென்மலைகளின் பெயர்). சிரிப்பான் 19-ஆம் நூற்றாண்டிலேயே பெயர் பெற்றது, நடுவில் துணையினமாக ஒதுக்கியிருந்தார்கள். சோலைக்கிளிதான் அறிவியலுக்குப் புதிது.

பேர் வாங்குகிற வேலை என்ற பேச்சு எனக்கு வருத்தமாக இருக்கிறது. அட்டையும் மழையும் நிறைந்த காட்டில் வலை கட்டி, ஒரு குருவியைப் பிடித்து, ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, காயமில்லாமல் திரும்பப் பறக்கவிட்டு, அதையே மலை மலையாகச் செய்து வருடக்கணக்கில் சேர்த்த சங்கதி இது.

ஜூன் 8, இன்னும் ஒன்று

சோலைக்கிளி என்றதும் பச்சைக்கிளி என்று நினைத்துவிட வேண்டாம். சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிதாக, நீலம் பாய்ந்து, தரையை ஒட்டிப் புதருக்குள் ஓடித் திரிகிற குருவி. பார்ப்பது கடினம். பாட்டுதான் முதலில் கேட்கும்.

ஜூன் 9

"பறந்து போகிற குருவிக்குப் பத்து கிலோமீட்டர் ஒரு தூரமா" என்பது நல்ல கேள்வி, நேற்று அதைத் தொடாமல் விட்டேன்.

தூரம் காரணமில்லை. இந்தச் சோலைக்கிளி வெளிச்சத்துக்கே வராது. மேல் கோதையாறு பக்கம் ஒரு வாகனப் பாதையின் இருபுறமும் சோலை இருந்த இடத்தில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளிம்பு வரை வந்து, வெட்டவெளியைக் கண்டதும் திரும்பிப் புதருக்குள் போய்விட்டது. ஒரு ஜீப் போகிற அகலத்துக்கே இந்தத் தயக்கம். கணவாயின் அடியிலோ வெயில், தாழ்நிலக் காடு, வயல், தென்னந்தோப்பு. ஆயிரம் மீட்டருக்கு மேலே குளிரிலும் ஈரத்திலும் இருந்து பழகிய உயிர் அங்கே இறங்கிக் குறுக்கே கடந்து எதிர்மலையில் ஏற வேண்டும். கழுகுக்கு அது ஒன்றுமில்லை. இதற்கு அது கடல்.

பல தலைமுறைக்கு இரண்டு பக்கமும் கலப்பு இல்லையென்றால், அங்கங்கே நேரும் சிறு மாற்றங்கள் அந்தந்தப் பக்கமே தங்கிவிடும். நாளாக ஆகப் பாட்டு மாறும், நிறம் மாறும், பிறகு சந்தித்தாலும் ஒன்றையொன்று தன் இனமாக ஏற்காது. பரிணாமம் என்று பள்ளியில் பாடம் நடத்தியபோது எங்கோ தென் அமெரிக்கத் தீவு, அலகு பருத்த குருவி என்று படித்தோம். புளியரையில் நின்று வடக்கேயும் தெற்கேயும் பார்த்தாலே அந்தப் பாடம் இருக்கிறது. இதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஜூன் 14

தென்காசி அண்ணாச்சி கேட்டிருக்கிறார்: அப்படியென்றால் கணவாய்க்கு இரண்டு பக்கமும் எல்லா உயிரும் வேறா?

இல்லை அண்ணாச்சி. இதே குழுவினர் 2015-ல் இன்னொரு ஆய்வு வெளியிட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒன்பது இடங்களில் 23 பறவை இனங்கள், 356 பறவைகள். அதில் 10 இனங்களில்தான் மிகப் பழைய பிரிவு பாலக்காட்டுக் கணவாயில் விழுந்திருந்தது, அதுதான் அகலமும் ஆழமும் கூடிய கணவாய். அந்தப் பத்திலும் சில இனங்களே நம் கணவாய் போன்ற சிறிய பள்ளங்களிலும் பிரிந்திருந்தன, அதுவும் பின்னால் நடந்த பிரிவு. பெரும்பாலான இனங்களைப் பள்ளத்தாக்குகள் பிரிக்கவே இல்லை.

எனக்கு இது முதல் ஆய்வைவிடப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. ஒரே பள்ளம், ஒரே மழை, ஒரே பனிக்காலம், ஆனால் ஒவ்வொரு குருவியும் அதற்கு ஒவ்வொரு விதமாக நடந்துகொண்டிருக்கிறது. வெளிச்சத்துக்கு அஞ்சாத குருவி கலந்துகொண்டே இருந்திருக்கும். இன்னொன்று ஒரு பக்கம் அழிந்து மறுபக்கத்திலிருந்து வந்து குடியேறியிருக்கலாம். பிரிவுகள் நடந்த காலமும் ஒன்றாக இல்லை. பெரும்பாலும் 26 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய பனியுகக் காலத்துக்குள், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம். குளிர் கூடினால் மலைக்காடு கீழே இறங்கும், வெப்பம் கூடினால் மேலே ஏறிச் சுருங்கும். அந்த ஏற்ற இறக்கத்தில் சேர்ந்தும் பிரிந்தும் வந்திருக்கிறார்கள் இந்தக் குருவிகள்.

ஆகவே கணவாயைச் சுவர் என்று சொல்லாமல் சல்லடை என்று சொல்வதே பொருந்தும்.

ஜூன் 15

பாம்பிலும் இப்படிப் பிரிந்துபோனது உண்டா என்று ஒரு தம்பி கேட்டதற்கு.

2019-ல் வெளிவந்த ஆய்வு. அகத்தியமலையில் களக்காடு முண்டந்துறைப் பக்கமும் அதை ஒட்டிய கேரளத்துச் செந்துருணிப் பக்கமும் கிடைத்த ஒரு பச்சைப் பாம்பு. நாம் வேலியில் பார்க்கும் பச்சைப்பாம்பு போலவேதான் இருக்கும், முதுகுச் செதிலில் மட்டும் மேடு ஓடும். 2011-ல் களத்தில் கண்டபோது சற்று வித்தியாசமான பச்சைப்பாம்பு என்ற அளவில்தான் தெரிந்தது. மரபணுவை எடுத்துப் பார்த்தபோது மற்ற பச்சைப்பாம்புகளிலிருந்து சுமார் 2 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன கிளை என்று தெரிந்தது. புரோஅகேடுல்லா ஆன்டிகுவா என்று பேரினமே புதிதாக வைத்தார்கள். அந்தக் கிளையில் இன்று உயிரோடு இருப்பதாக அறியப்பட்டது இந்த ஒரு இனம் மட்டும்.

கண்ணைக் கொத்தும் என்று சொல்லி எங்கள் ஊரில் பச்சைப்பாம்பைக் கண்டால் கம்பை எடுப்பார்கள். அது கண்ணைக் குறிவைப்பதில்லை. பின்பல்லில் லேசான விஷம் உண்டு, ஓணானுக்குப் போதும், மனிதனைக் கொல்லாது. நூறு வீட்டுக்கும் சொல்லுங்கள் தம்பி.

ஜூன் 15, மாலை

இதை ஒட்டி இன்னொரு சேதி. பழைய புத்தகங்களில் பச்சைப்பாம்பின் அறிவியல் பெயர் அகேடுல்லா நசூட்டா என்று இருக்கும். 2020-ல் வந்த ஆய்வுக்குப் பிறகு அந்தப் பெயர் இலங்கையில் உள்ளதற்கு மட்டும். நம் சமவெளியில் உள்ளது வேறு இனம், அகேடுல்லா ஆக்சிரிங்கா. அகத்தியமலை ஈரக்காட்டில் உள்ள சிறியது இன்னொரு இனம், அதற்குத் திருவிதாங்கூர்ப் பெயர் வைத்திருக்கிறார்கள். படம் போடுகிறவர்கள் இடத்தையும் சேர்த்து எழுதினால் நல்லது.

ஜூலை 2

"புதுப் பெயர் வைத்தால் காட்டுக்கு என்ன லாபம்" என்று கேட்டவருக்கு. லாபத்தை ஒரு தவளையை வைத்துச் சொல்கிறேன்.

ராவோர்கெஸ்டஸ் கலசோடெஸ் என்று ஒரு சின்ன மரத்தவளை. இரண்டரை சென்டிமீட்டர் இருக்கும், பச்சை, மேலே வெள்ளைப் புள்ளி. 1876-ல் விவரிக்கப்பட்டது. அதன் பிறகு யார் கண்ணிலும் படவில்லை, அழிந்தது என்றே எழுதிவிட்டார்கள். சுமார் 135 ஆண்டுகளுக்குப் பிறகு கண்டுபிடித்ததாக 2011-ல் அறிவித்தார்கள். அதற்கப்புறம் கே.எஸ். சேஷாத்ரி களக்காடு முண்டந்துறைக் காட்டில் இதன் பிறப்பு வளர்ப்பைப் பார்த்தார். ஓடையோரம் நாணல் போல அடர்ந்து வளரும் மெல்லிய மூங்கில் இருக்கிறதே, அதன் கணுவுக்கு நடுவில் பூச்சியோ எலியோ போட்ட சிறு கீறல் இருந்தால், அந்த வழியாக உடம்பை ஒடுக்கிக்கொண்டு தவளை உள்ளே போகிறது. மூங்கிலின் உள்சுவரில் முட்டை. தலைப்பிரட்டை என்ற கட்டமே இல்லை, முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளை. காவல் இருப்பது தகப்பன். தகப்பனை அப்புறப்படுத்தினால் என்ன ஆகும் என்று 2018-ல் வெளிவந்த ஆய்வில் பார்த்தார்கள். வேறு ஆண் தவளைகள் உள்ளே நுழைந்து முட்டைகளைத் தின்றுவிடுகின்றன. ஆக, தகப்பன் முக்கியமாகக் காப்பது தன் இனத்தானிடமிருந்தே.

இப்போது லாபத்துக்கு வருகிறேன். இந்த மூங்கிலைக் கூடைக்கும் காகிதக் கூழுக்கும் வெட்டுகிறார்கள். தவளை எங்கே முட்டையிடுகிறது என்று தெரியாத வரை, மரத்தை வெட்டாமல் மூங்கிலை மட்டும் எடுத்தால் காட்டுக்குக் கேடில்லை என்றுதான் எல்லோரும் சொல்லியிருப்போம், நான் உட்பட யாருக்கும் உறுத்தியிருக்காது. இப்போது எந்த மாதத்தில் வெட்டக்கூடாது, ஓட்டை விழுந்த மூங்கிலை விட்டுவைக்க வேண்டும் என்று பேசவாவது முடியும். இனத்தைப் பிரித்துப் பெயர் வைத்து, அது எங்கே எப்படிப் பிழைக்கிறது என்று ஒருவர் உட்கார்ந்து பார்க்காமல் அந்தப் பேச்சு தொடங்கவே முடியாது.

ஜூலை 3

காக்காச்சி பெயரில் தவளை உண்டா என்று கேட்டவருக்கு: ஆமாம், இருக்கிறது. ராவோர்கெஸ்டஸ் காக்காச்சி, 2012. மாஞ்சோலைக்கு மேலே உள்ள அதே காக்காச்சிதான்.

ஆகஸ்ட் 17

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டப் பேச்சு வந்துவிட்டது, எனக்கும் கொஞ்சம் சொல்ல இருக்கிறது.

சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் 99 வருடக் குத்தகைக்கு விட்ட மலை. 2028-ல் முடிகிறது. தேயிலை போனால் காடு தானாக வந்துவிடும் என்று இங்கே மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. காக்காச்சிக் காட்டில் ஆய்வாளர்கள் கணேஷும் சௌபத்ரா தேவியும் பல வருடம் பார்த்த மரம் வெடிப்பலா. அதன் பூவைச் சோலைமந்தி தின்னும், அணில் தின்னும், வௌவால் வரும். அப்படிப் பூவுக்கு வருகிற மிருகங்களால்தான் அதற்கு மகரந்தச் சேர்க்கை நடக்கிறது என்று காட்டினார்கள். இப்படி ஒரு மரம் தேயிலைச் செடிக்கு நடுவே தானாக முளைத்து, பூத்து, காய்த்து நிற்க, அந்த மிருகங்கள் அத்தனையும் அங்கே வந்துபோக வேண்டும். விதை வந்து விழப் பக்கத்தில் பழைய காடு வேண்டும். விழுந்தாலும் நிழல் வேண்டும். பல இடங்களில் தேயிலையே மரமாக உயர்ந்து நிற்கும், உள்ளே வேறு எதுவும் முளைக்காது. திட்டமிட்டுக் கைகொடுக்காமல் நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம், அங்கே தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களைப் பற்றி யாருமே எழுதவில்லை. நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டித் தோட்டங்களில் எந்த ஓடையில் எப்போது தண்ணீர் வற்றியது, எந்தப் பறவை எந்த மாதம் கத்தும் என்று அவர்களுக்குத் தெரிந்ததில் பாதிகூட ஆய்வுக் கட்டுரைகளில் இல்லை. காடு திரும்ப வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்த வேலைக்கு முதல் ஆளாக அவர்களைக் கூலியும் மரியாதையும் கொடுத்து வைத்துக்கொள்வதுதான் முறை. மலையை விட்டு இறக்கிவிட்டு, கீழே இருந்து யாரையோ கொண்டுபோய் நடவு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

அக்டோபர் 27

மழை பிடித்துவிட்டது, எனக்குப் பன்றிமூக்குத் தவளை நினைவுக்கு வந்தது.

2003-ல் கேரளத்தில் ஊதா நிறத் தவளை ஒன்று உலகச் செய்தி ஆனது நினைவிருக்கும். மண்ணுக்கடியிலேயே வாழ்ந்து வருடத்தில் சில நாள் மட்டும் மேலே வருவது. அதன் நெருங்கிய உறவு செஷல்ஸ் தீவில் இருக்கிறது, அதாவது இரண்டு நிலமும் ஒட்டியிருந்த காலத்துப் பழைய குடும்பம். 2017-ல் அதற்கு ஒரு தங்கை கிடைத்தது, நம் கிழக்குச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில். 1910-க்கு முன் அது திருநெல்வேலி ஜில்லாதான், உரிமையோடு சொல்கிறேன். நாசிகாபட்ராகஸ் பூபதி. 2014-ல் அகத்தியமலையில் களப்பணியின்போது விபத்தில் இறந்துபோன ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயர்.

மேற்குச் சரிவில் உள்ளது தென்மேற்குப் பருவத்தின் முதல் மழையில் வெளியே வந்து இணைசேரும். கிழக்குச் சரிவில் உள்ளது வடகிழக்குப் பருவத்தில், இப்போது, ஐப்பசியில். பிரிப்பதற்குப் பள்ளத்தாக்கு வேண்டும் என்றே ஜூன் மாதம் முழுதும் பேசிக்கொண்டிருந்தோம். இங்கே மழை பிரிக்கிறது. ஒன்று மண்ணுக்கு மேலே வரும் நாளில் மற்றொன்று மண்ணுக்குள் கிடக்கிறது என்றால் இரண்டும் சந்திப்பது எங்கே? சாரலும் ஐப்பசி மழையும் என்று நாம் வருடத்தை இரண்டாகப் பார்ப்பது இந்தத் தவளைக்கு உயிர்ப் பிரச்சினை.

அதனால்தான் பருவம் தப்புவதைப் பற்றிப் பேசும்போது விவசாயிக்கு நஷ்டம் என்பதோடு நிறுத்தக்கூடாது என்கிறேன். முதல் மழை நாளைக் கொண்டு வாழ்க்கையை அமைத்துக்கொண்ட உயிர்கள் நிறைய.

டிசம்பர் 18

2023-ல் இதே நாள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அந்தப் பக்கத்தில் ஒரு வருடம் முழுதும் பெய்வதைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றது, ஆற்றங்கரை ஊர்கள் மூழ்கின. எங்கள் தெருவில் தண்ணீர் வடிந்த பிறகு நான் முதலில் போய்ப் பார்த்தது குளத்தை. கரை உடைந்து, உள்ளே நின்ற கருவேல மரங்கள் சாய்ந்து கிடந்தன. நீர்ப்பறவைகள் கூடு கட்டுவது அந்த மரங்களில்தான். அந்தப் பருவத்தில் அங்கே நாரை உட்காரவில்லை.

ஒரு டிகிரி வெப்பம் கூடினால் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைச் சுமக்கும். கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும்.

டிசம்பர் 20

வெப்பத்தைப் பற்றி எழுதியதும் ஜூன் மாதக் குருவிக்கே மனம் போகிறது. மேலே ஏறிக் குளிர்ச்சியைத் தேடலாம் என்றால், ஏற எவ்வளவு மலை இருக்கிறது? ஆனைமுடி 2,695 மீட்டர். நம் அகத்தியமலை உச்சி 1,868 மீட்டர். வடக்கே உள்ள சோலைக்கிளிக்கு இருக்கிற இடம் தெற்கே உள்ளதற்கு இல்லை. வடக்கே இருந்து கொண்டுவந்து விடவும் முடியாது, அது வேறு இனம். தனி இனம் என்று நிறுவப்பட்டதால் கூடிய பொறுப்பு இது. ஒரே இனமாக எண்ணியிருந்த வரை, இங்கே குறைந்தாலும் மூணாறில் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொள்ள வழி இருந்தது.

ஜனவரி 24

தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு முடிந்தது. 2011 முதல் மணிமுத்தாற்றில் உள்ள அகத்தியமலை இயற்கைவள மையம் நடத்துகிறது. இந்த முறையும் போனேன். கூந்தன்குளத்தில் வரித்தலை வாத்துகள் வந்திருந்தன. மங்கோலியப் பக்கமிருந்து இமயத்தைத் தாண்டி வருகிறவை. கருவி கட்டிப் பார்த்ததில் 7,290 மீட்டர் உயரம் வரை பதிவாகியிருக்கிறது. அந்த உயரத்தில் கிடைக்கும் கொஞ்சம் பிராணவாயுவைப் பிடித்துக்கொள்ளும்படி அவற்றின் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினிலேயே மாற்றம் இருக்கிறது. ஒரே உயரத்தில் நேராகப் பறப்பதில்லை, மலையின் ஏற்ற இறக்கத்தை ஒட்டி ஏறியும் இறங்கியும் பறக்கின்றன, அதில்தான் சக்தி மிச்சம் என்று 2015-ல் காட்டினார்கள்.

ஒரு வாத்து இமயத்தைத் தாண்டி நாங்குநேரித் தாலுகாவுக்கு வருகிறது, ஒரு சோலைக்கிளி புளியரையைத் தாண்டவில்லை. முதலில் கேள்வி கேட்ட நண்பர் இன்னும் இங்கே இருந்தால், பறக்கத் தெரிவது வேறு, கடக்க முடிவது வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று என்னிடம் இல்லை.

ஜனவரி 25

கூந்தன்குளத்துக்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடாதது பறவைகளுக்காகத்தான். வனத்துறை சரணாலயமாக அறிவித்தது 1994-ல். ஊர் காத்தது அதற்கு வெகு முன்பிருந்து. போகிறவர்கள் கரையில் சத்தமாகப் பாட்டு வைக்காமல் இருந்தால் போதும்.

பிப்ரவரி 11

மீனைப் பற்றிக் கேட்டவருக்கு. தாமிரபரணிக்கே உரிய கெண்டை ஒன்று உண்டு, ஈ.ஜி. சைலாஸ் 1954-ல் நம் ஆற்றின் பெயரிலேயே விவரித்தது. 2012-ல் அதையும் அதன் உறவுக் கெண்டைகளையும் சேர்த்து, பரிணாமம் பற்றி எழுதிய ரிச்சர்ட் டாக்கின்ஸ் பெயரில் டாக்கின்சியா என்று பேரினம் அமைத்தார்கள். ஆண் மீனின் முதுகுத் துடுப்பிலிருந்து இழை இழையாக நீண்டிருக்கும், தெளிந்த ஓட்டத்தில் பார்த்தால் மறக்க முடியாது. அழியும் நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

மலையில் குருவிக்குப் பள்ளம் எப்படியோ, ஆற்று மீனுக்குக் கரையே எல்லை. இந்த ஆற்றில் போனால் வேறு ஆற்றிலிருந்து நீந்தி வராது. நீங்கள் தொட்டியில் வளர்த்து அலுத்துப்போன மீனை ஆற்றில் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து விட வேண்டாம். ஜிலேபிக் கெண்டையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் தொட்டியைத் துடைக்கிற வாய்ச்சப்பி மீனும் நம் நாட்டு ஆறு குளங்களில் பெருகியது வளர்த்தவர்களும் பண்ணைக்காரர்களும் விட்டதாலும் தப்பவிட்டதாலும்தான். விற்ற கடையில் திருப்பிக் கொடுங்கள், வாங்க மறுத்தால் இங்கே எழுதுங்கள், பாளையங்கோட்டையில் தொட்டி வைத்திருக்கும் இரண்டு மூன்று பேரை எனக்குத் தெரியும், கேட்டுப் பார்க்கிறேன்.